பிஜிலிக்கு ஏன் வயிறு கெட்டது

எய்யா,

நல்லா இருக்கியா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க மாட்டேன். நீ நன்றாக இல்லை என்பது நேற்று போனில் உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. "ஸாரிம்மா, ஒன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன்" என்றாய். பெற்ற பிள்ளை மன்னிப்புக் கேட்டால் தாய்க்கு மனசு குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை. ஏனென்றால் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னாய். "அவகூட நான் இப்பம் பேசுததே இல்லம்மா. இத்தன மாசமா என்கிட்ட மறைச்சிருக்கா." நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீஸ் கால் வருகிறது என்று வைத்துவிட்டாய். உனக்கு வசதியான நேரத்தில்தான் எப்போதும் ஆபீஸ் கால் வரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சுகன்யாவுக்கு வளைகாப்பு. இரண்டு கையிலும் வளையல் அடுக்கிக்கொண்டு அன்றைக்கே அவள் செம்பூரில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய்விடுவாள். இனி பிள்ளையோடுதான் விக்ரோலியில் உன் வீட்டுக்குத் திரும்புவாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, புருஷன் முகம் கொடுத்துப் பேசாத வீட்டிலிருந்து படியிறங்கிப் போகக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் என்னை ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்ல விட மாட்டாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த எங்களைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட சுகன்யாவிடம் நீட்டி, "என்ன எழுதிருக்குன்னு சொல்லு" என்பாய். இதை அவளிடம் நீட்டாதே. நீயே வாசி. மெதுவாக வாசித்தால் உனக்குத்தான் நல்லது, வேகமாக நீ எதைச் செய்தாலும் அது சண்டையில்தான் போய் நிற்கிறது.

முதலில் உன்னைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுவதற்கு இடம் வேண்டும். உனக்கு இளகின மனசு. கொட்டுகிற மழையில் கருவாட்டுக் கடை ஷட்டருக்குக் கீழே கிடந்த பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்து ஏழாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவன் நீ. லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. வந்ததும் அது பீரோ மேலிருந்து டிவி மேல் பாய்ந்தது, நீ பிஜிலி என்று பெயர் வைத்தாய், இந்தியில் மின்னலாம். நான் கத்தினேன். அப்பா, "கெடக்கட்டும்ட்டி, ஒரு ஓரமா" என்றார். பிறகு கல்யாணமாகி சுகன்யா வந்தாள். வந்த மாசமே பிஜிலி உன் மடியை விட்டுவிட்டு அவள் மடிக்கு மாறிவிட்டது. உனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. அவள் டியூட்டி முடிந்து வருகிற நேரம் அந்தப் பூனைக்கு எப்படித் தெரியுமோ, முன்கூட்டியே கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி நன்றாக இருந்த பூனைக்குத்தான் நீ டயட் போட்டாய். என்ன வீடியோவைப் பார்த்தாயோ, பாக்கெட் தீனி விஷம், சோறு விஷம், வேகவைத்த மீன்கூடக் கூடாது, பூனை காட்டு ஜாதி, பச்சையாகத்தான் தின்ன வேண்டும் என்று ஒரு வாரம் வகுப்பு எடுத்தாய். "மனுசங்களுக்கு வேக வைக்கணும், பூனைக்குப் பச்சையாவாலே?" என்று நான் கேட்டதற்கு, "ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கோழியை எலும்போடு அரைத்து, நெஞ்சாங்குலையைத் துண்டு போட்டு, ஈரலைச் சின்னத் தராசில் நிறுத்து, முட்டை மஞ்சளை ஊற்றிப் பிசைந்து, குட்டிக் குட்டி டப்பாவில் அடைத்து ஃப்ரீஸரில் அடுக்குவாய். நான் பழக்க தோஷத்தில் அந்தக் கறியை மஞ்சளும் உப்பும் போட்டு அலசப் போனபோது எப்படிக் கத்தினாய்! மஞ்சள் உப்பு போட்டு அலசாத கறி என் அடுப்படிக்குள் அதுவரை வந்ததே இல்லை. நானோ இட்லி மாவு விற்கிறவள். மாவுக்காரி ஃப்ரிட்ஜில் பச்சைக் கறி இருக்கிறது என்று ஒரே ஒரு பொம்பளை பார்த்துவிட்டால் போதும், நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். அதைச் சொல்லி உன்னிடம் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். "இந்தக் கருமத்த என் ஃப்ரிட்ஜிலேர்ந்து எடுக்கல, ஒரு நாள் நானே தூக்கி எறிஞ்சிருவேன்" என்று சொன்னதும் நான்தான். சொன்னேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எறியவில்லை. அதில் எதையும் கலக்கவும் இல்லை. நான் வாயால் மட்டும் செய்கிறவள் என்பது என் வயிற்றில் பிறந்த உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சுகன்யாவுக்கு நாள் தள்ளிப்போய், வாந்தி தொடங்கியது. சயானில் காட்டின டாக்டரம்மா ரத்தம் குறைச்சலாக இருக்கிறது என்று மாத்திரை எழுதினார். மாத்திரை எழுதினது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அப்பாவுக்கு ரத்தம் குறைச்சல் என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. மறுநாள் விடிந்ததும் டெம்போவை எடுப்பதற்கு முன்னால் மட்டன் கடையில் போய் நின்று சுவரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். ஆட்டு மண்ணீரலை நம்ம ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். உனக்கு அந்தப் பேர்கூடத் தெரிந்திருக்காது. ரத்தம் இல்லாத பெண்ணுக்கு அதைச் சுட்டுக் கொடு என்பது நம் பக்கத்து வைத்தியம். நீ வயிற்றில் இருந்தபோது என்னையும் அதைத் தின்னவைத்துத்தான் நடமாடவிட்டார்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், பிந்திப் போனால் கிடைக்காது. கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னால்கூட மறந்துவிட்டு வருகிற மனுஷன், மருமகளுக்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் முதல் ஆளாகப் போய் நின்றார். "எம் பேரப்புள்ளைக்கு" என்று கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாங்குவாராம். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

நான் அதை இரும்புச் சட்டியில் வாட்டிக் கொடுப்பேன். முதல் நாள் வெங்காயமும் மிளகும் போட்டுக் கொடுத்தேன். மறுமுறை அவள், "அத்தை, வெங்காயம் வேணாம், மிளகும் வேணாம், உப்புகூடப் போடாதீங்க. சும்மா வதக்கிக் குடுங்க, வாடை தாங்கலை" என்றாள். மசக்கைக்காரிக்கு எந்த வாடை பிடிக்கும், எது பிடிக்காது என்று யார் கண்டது? அப்படியே கொடுத்தேன். "ஜன்னல் பக்கத்துல காத்தாட உட்கார்ந்து சாப்பிடறேன் அத்தை" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள் ரூமுக்குப் போவாள். தட்டு கழுவினது போல் திரும்பி வரும். "நல்லா இருந்துச்சா?" என்றால், "நல்லா இருந்துச்சு அத்தை" என்பாள். நான் அப்பாவிடம் போய், "ஒரு துண்டு மிச்சம் வைக்கல பாத்துக்கிடுங்க" என்பேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த தடவைக்குச் சொல்லிவைக்கப் போய்விடுவார். எய்யா, மாமியாரும் மாமனாரும் சேர்ந்து ஒரு பிள்ளையை அன்பாலேயே எப்படி நெருக்குவது என்று யாராவது பாடம் எடுத்தால், எங்களைத்தான் கூப்பிட வேண்டும்.

கொஞ்ச நாளில் பிஜிலிக்கு வயிறு கெட்டது. கன்னங்கரேல் என்று தார் போலப் போனது. வீடே நாறியது. நீ எலும்பு கூடிவிட்டது என்று எலும்பைக் குறைத்தாய். பிறகு எலும்பு குறைந்துவிட்டது என்று கூட்டினாய். முட்டையை நிறுத்தினாய், மீன் எண்ணெயை நிறுத்தினாய், பரங்கிக்காயை மசித்து ஊட்டினாய். ஒன்றும் கேட்கவில்லை. துள்ளிக்கொண்டிருந்த பூனை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது, முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. நீயும் சாப்பிடவில்லை. அப்பா டீயில் நனைத்து பிஸ்கட் போட்டாரா என்று அவரை விசாரித்தாய். அடுத்தது என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் பார்த்தாய்.

மாட்டுங்காவில் பூனை டாக்டரிடம் நாம் நாலு பேரும் டாக்ஸியில் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பூனையின் டயட்டை மனப்பாடமாக ஒப்பித்தாய். அந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பச்சைக் கறியில் கிருமி இருக்கலாம், பார்க்க வேண்டும், இவ்வளவு கறுப்பாகப் போவது உள்ளே ரத்தம் கசிந்தாலும் வரும் என்றார். உன் முகம் செத்துப்போனது. பிறகு அவர் நம் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "இஸ்கோ ஔர் குச் கிலாதே ஹோ க்யா?" என்று கேட்டார், இதற்கு வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று. நீ "நஹி" என்றாய். அப்பா "நஹி" என்றார். நானும் "நஹி" என்றேன். சுகன்யா மட்டும் சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை, வாந்தி வருகிறதோ என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் பச்சைக் கறியை நிறுத்திவிட்டு வேகவைத்த கோழி போடச் சொல்லி, மருந்து கொடுத்து அனுப்பினார். பூனையின் தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றியிருந்தார்கள், அது பந்து போலத் தொங்கியது. அன்று சாயங்காலம் நீ என்ன பேசினாய் என்று நான் எழுத வேண்டியதில்லை. "ஒனக்கு அது புடிக்கலன்னா சொல்லு, நாங்க போயிருதோம். வாயில்லா ஜீவனக் கொல்லாத" என்றாய். நான் திருப்பி நாலு கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? அப்புறம் பார், இரண்டே நாளில் பிஜிலி தேறத் தொடங்கியது. நான்காம் நாள் மீண்டும் டிவி மேல் ஏறி உட்கார்ந்தது. நீ வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் உன் கணக்கு எனக்குப் புரிந்தது. அம்மாவை மிரட்டினோம், அம்மா கையை எடுத்துக்கொண்டாள், பூனை பிழைத்தது. அடுத்த மாசமே விக்ரோலியில் வீடு பார்த்துச் சாமானைக் கட்டிவிட்டாய். ஆபீஸுக்குப் பக்கம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னோம்.

இனி நான் சொல்லப்போவது உனக்குப் பாதி தெரியும், மீதி தெரியாது. சுவரொட்டியைப் பிஜிலிக்குக் கொடுத்தது தான்தான் என்று சுகன்யா உன்னிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு அது முதல் நாளே குமட்டியிருக்கிறது. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டு துண்டாகக் கிள்ளி, பூனைக்குப் போட்டிருக்கிறாள். வெங்காயம் வேண்டாம், மிளகு வேண்டாம் என்றது அவள் வாய்க்காக இல்லை. வெங்காயம் பூனைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். மாமனாரும் நோகக் கூடாது, பூனையும் நோகக் கூடாது என்று அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாள். நீ கிராம் கணக்காக ஈரல் நிறுத்துப் போட்டதற்கு மேல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுச் சுவரொட்டி போனால் எந்தப் பூனை தாங்கும்? டாக்டரிடம் போய்வந்த மறுநாள், வேலை செய்கிற இடத்திலிருந்து அவளே தனியாக அவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவ்வளவு ரத்தச் சதை தின்றால் அப்படித்தான் கறுப்பாகப் போகும், உடனே நிறுத்து, சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அன்றோடு நிறுத்திவிட்டாள். இதெல்லாம் உனக்குத் தெரியும். இதற்குத்தான் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்.

தெரியாததை இப்போது சொல்கிறேன். பூனைக்குக் கொடுப்பதை அவள் நிறுத்தினாள். அப்பா வாங்கிவருவதை நிறுத்தினாரா? நான் வதக்குவதை நிறுத்தினேனா? அப்படியானால் அந்தச் சுவரொட்டி எங்கே போனது என்று நீ ஒரு நிமிஷம் யோசித்தாயா? அவள் தின்றாள், எய்யா. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளே தின்றாள். ஒரு நாள் மத்தியானம் நான் மாவு பாக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன், பாத்ரூமில் குழாய் ரொம்ப நேரமாக ஓடுகிறது. தண்ணீர் வருவதே ஒரு நேரம், இப்படித் திறந்து விட்டிருக்கிறாளே என்று எரிச்சலோடு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தானாம்.

"ஏட்டி, என்ன செய்யுது?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, என்னால முடியலை. மாமா எவ்வளவு ஆசையா வாங்கிட்டு வர்றாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பிஜிலிக்கு நான்தான் குடுத்தேன். அவர் உங்களைப் போய்த் திட்டிட்டாரு" என்று தேம்பினாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல் வந்தது. தலையைத் தடவிக்கொடுத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்போதே உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்றுதான் அவள் எழுந்தாள். நான்தான் தடுத்தேன். "அவன் இப்பம் கொதிச்சுப் போயி கெடக்கான், இந்த நெலமைல ஒன் மேல பாய்வான். நான்னா பெத்தவ, ரெண்டு பேச்சு வாங்கிக்கிடுவேன். புள்ள பொறந்து ஆறின பொறவு பாத்துக்கலாம்" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஆக, இத்தனை மாசமாக உன்னிடம் மறைத்தது அவள் இல்லை. மறைக்கவைத்தது நான். திட்டுவதானால் என்னைத் திட்டு, எனக்குப் பழக்கம்தான்.

நான் செய்தது தப்பு. உன் கோபத்துக்கு நான் குடை பிடித்தேன். நீ கோபக்காரன் என்று உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடக்க ஆரம்பித்தால், உனக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

பிறகு அவள் ஏன் இப்போது சத்தியத்தை மீறினாள் தெரியுமா? போன வாரம் நீ அவளிடம், பிரசவ சமயத்தில் ஊருக்கு எங்காவது போக வேண்டி வந்தால் பிஜிலியைக் காசு கட்டி ஹாஸ்டலில் விடுவேனே தவிர, அம்மாவிடம் விட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். அதை அவளால் தாங்க முடியவில்லை. எனக்குப் போன் செய்து, "ஸாரி அத்தை, நான் சொல்லிட்டேன்" என்றாள். என் பெயரைக் காப்பாற்றத்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தாள். சுளுவாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பூனையும் பிழைத்துவிட்டது, பழியும் மாமியார் தலையில் உட்கார்ந்திருந்தது, எந்த மருமகளுக்கு இப்படி வாய்க்கும்?

உன்னைப் பற்றி ஒரு பழைய கதை சொல்கிறேன், கோபப்படாமல் கேள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறபோது உனக்குப் பால் என்றால் ஆகாது. நான் விட மாட்டேன். பால் குடிக்காத பிள்ளை எப்படித் தேறும் என்று மூக்கைப் பிடித்து ஊற்றுவேன். நீ யூனிபார்மிலேயே கக்குவாய். ஒரு நாள் ஸ்கூலுக்குப் போகிற வழியில், தொண்ணூறடி ரோட்டின் நட்ட நடுவில், மல்லாக்கப் படுத்துக்கொண்டு, "நஹி பியூங்கா! நஹி பியூங்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாய், குடிக்க மாட்டேன் என்று. டாக்ஸி நின்றது, கைவண்டி நின்றது, பான்வாலா எழுந்து நின்று சிரித்தான். அப்பா ஓடிவந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "புள்ள வேண்டாம்னு சொல்லுதான்லா, விட்டுத் தொலையேன்ட்டி" என்றார். அன்றோடு பால் நின்றது. பாகற்காய் வேண்டாம் என்றாய், நின்றது. பி.காம் வேண்டாம் என்றாய், நின்றது. ஊரில் பார்த்த பெண் வேண்டாம், எனக்கு சுகன்யாதான் வேண்டும் என்றாய், அதையும் கேட்டோம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், நீ அழுது பாலை நிறுத்தினவன். இந்த வீட்டில் உன் 'வேண்டாம்' ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை.

அவள் வந்த புதிதில், குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்று, "அத்தை, இதை எந்த ஆணியில போடட்டும்?" என்று கேட்டாள். வேலைக்குப் போகிற, ரயிலில் ஆயிரம் பேரை இடித்துக்கொண்டு ஏறி இறங்குகிற பெண். துண்டு போடுகிற ஆணியைக் கேட்டாள். அப்படிப்பட்டவளுக்கு, மாமனார் ஆசையோடு வாங்கிவந்ததை வேண்டாம் என்று சொல்ல வாய் எங்கிருந்து வரும்? அதுவும் நான் எதிரே நின்று, சாப்பிடு சாப்பிடு என்று தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்போது? நாங்கள் கேட்டதெல்லாம் நல்லா இருந்துச்சா என்றுதான். பிடிக்குதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வயிறு ஏற்காததை இந்த வீட்டில் பகிரங்கமாகக் காட்டியது பிஜிலி ஒன்றுதான்.

எங்களை மட்டும் சொல்லி நான் நிறுத்திக்கொள்வேன் என்று நினைக்காதே. டாக்டரம்மா அவளிடம், பச்சைக் கறியைத் தொடக் கூடாது, பூனையின் மணல் தட்டை வேறு யாராவது அள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று. அதை அவள் உன்னிடம் சொன்னாள். "நான்தான் க்ளவுஸ் போட்டுக்கிடுதேன்லா" என்றாயாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ அரைக்கிற கோழி வாடையில் அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தேன், காற்று வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நீ பார்க்கவே இல்லை. பூனை எத்தனை தரம் போனது, என்ன நிறத்தில் போனது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். பெண்டாட்டி எத்தனை தரம் வாந்தி எடுத்தாள் என்று தெரியாது. இப்போது நீ கறியை வேகவைத்துப் போடுகிறாய் என்று சுகன்யா சொன்னாள். சந்தோஷம். அது டாக்டர் சொல்லி வந்த புத்தி. அவள் சொல்லி வந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அப்பாவிடம் நான், அந்தக் குழாய் விஷயம் தெரிந்த அன்றைக்கே நேராகச் சொல்லிவிட்டேன். "இனிமே சுவரொட்டி வாங்காதிய. அவளுக்கு ஆகல." அவர் முகம் சுருங்கிவிட்டது. "புடிக்கலன்னா சொல்லலாம்லா? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்றார். "ஒங்க மூஞ்சியப் பாத்து யாருக்குச் சொல்ல வரும்?" என்றேன். அன்றைக்கு முழுதும் பேசவில்லை. மறுநாள் ஒரு பை நிறைய மாதுளம்பழமும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வந்து, சுகன்யா முன்னால் வைத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, "இதுல எது வேண்டாமோ அத எடுத்துத் தள்ளி வச்சிரும்மா" என்றார். அவள் எதையும் தள்ளவில்லை. ஆனால் சிரித்தாள். உன் கோபம் அவரிடமிருந்து வந்ததுதான், அது எனக்குத் தெரியும். அவருடைய மறுநாளும் உனக்கு வந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன். உனக்கு ஒரு வாரம் ஆகியும் இன்னும் அந்த மறுநாள் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். அவள் உன்னிடம் பயந்து பயந்து, முதல் தடவையாக, தன் மேல் தப்பு வருகிற ஒரு உண்மையைச் சொன்னாள். அதற்கு அவளுக்குக் கிடைத்தது என்ன? பேசாத புருஷன். அடுத்த தடவை அவளுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால், நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது என்றால், உன்னிடம் சொல்வாளா? குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவாள், எய்யா. நீயும் வெளியே நின்று தண்ணீர் வீணாகிறது என்று கத்திக்கொண்டிருப்பாய். எனக்கு அதுதான் பயம். பிரசவம் என்பது விளையாட்டில்லை. ஒரு வலி வந்தால் வந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவள் அம்மா இல்லை, நான் இல்லை, நீ.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வளைகாப்புக்கு மாட்டுங்காவில் ஏறி இறங்கி ஒரு பட்டுச் சேலை எடுத்திருந்தேன், மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. போட்டோ எடுத்து சுகன்யாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. பிறகு போனே வந்தது. "அத்தை, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள். "சொல்லுட்டி" என்றேன். "அந்தச் சேலை எனக்கு வேண்டாம் அத்தை. மஞ்சள் எனக்குப் பிடிக்காது."

எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். எத்தனை கடை ஏறினேன், எத்தனை சேலையை விரிக்கவைத்தேன். நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துவிட்டது. அப்புறம்தான் அவள் என்ன செய்திருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பா பதறிப்போய், யாருக்கு என்ன என்றார். "ஒண்ணுமில்ல, எம் மருமவ என்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டா" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பொறவு என்ன கலர்ட்டி வேணும்?" என்று போனில் இருந்தவளிடம் கேட்டேன். நீலம் என்றாள். வளைகாப்புக்கு யாராவது நீலம் கட்டுவார்களா? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் போய் மாற்றிக்கொண்டு வரப்போகிறேன்.

என்னிடம் சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்ல வேண்டியது அவளுக்கு இன்னும் நிறைய இருக்கும். கேட்டு வாங்கிக்கொள். இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். அவள் பக்கத்து ரூமில்தான் இருக்கிறாள். எழுந்து போ.

உன் அம்மா